களவு நடந்த தெருவுக்கு முதலில் ஒரு கொப்பி: திருகோணமலைச் சங்கங்களுக்கான வழிகாட்டி

திருகோணமலை நகரிலோ அதன் சுற்றுப்புறத்திலோ ஒரு தெருவில் அடுத்தடுத்து இரண்டு மூன்று களவுகள் நடந்துவிட்டால் சனசமூக நிலையத்தில் கூட்டம் கூடுகிறது. அரை மணித்தியாலத்துக்குள் பேச்சு சி.சி.டி.வி. கமராவில் வந்து நிற்கிறது. எத்தனை கமரா வாங்குவது, எவருடைய மதிலில் பொருத்துவது, மின்கட்டணத்தை யார் கட்டுவது என்ற வாக்குவாதத்திலேயே நேரம் போய்விட, களவு போனது என்ன, எத்தனை மணிக்குப் போனது, எந்தப் பக்கத்தால் கொண்டுபோகப்பட்டது என்பதை எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளைக் கேட்டு, விடைகளை எழுதிவைத்து, அவற்றிலிருந்து செய்யவேண்டியதைத் தீர்மானிக்கும் முறையை இந்த வழிகாட்டி விளக்குகிறது. சனசமூக நிலையங்கள், கடற்றொழிலாளர் சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், பொலிஸாருடன் சேர்ந்து இயங்கும் சமூகக் குழுக்கள் ஆகியவற்றில் பொறுப்பு வகிப்பவர்களை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது.

முறையின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரித்தானிய உள்துறை அமைச்சு 1957 ஆம் ஆண்டில் தனக்கென ஓர் ஆராய்ச்சிப் பிரிவை அமைத்தது; ஐக்கிய அமெரிக்க அரசு 1968 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ், இன்று தேசிய நீதி நிறுவகம் என்று அறியப்படும் ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கியது. குற்றம் எங்கே, எப்போது, எப்படி நடக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதற்கும், பொலிஸாரின் எந்த நடவடிக்கை உண்மையில் பலன் தருகிறது என்று சோதிப்பதற்கும் இவ்விரண்டின் வழியாகவும் அரச பணம் செலவிடப்பட்டது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹேர்மன் கோல்ட்ஸ்டைன், திரும்பத் திரும்ப வரும் முறைப்பாடுகளுக்குப் பின்னாலிருக்கும் பிரச்சினையையே பொலிஸார் ஆராய வேண்டும் என்று 1979 இல் வாதிட்டார். வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகரப் பொலிஸார் தேசிய நீதி நிறுவகத்தின் நிதியுதவியுடன் அந்த வாதத்தை நடைமுறையில் சோதித்தபோது உருவானதே தேடல், ஆய்வு, நடவடிக்கை, மதிப்பீடு என்னும் நான்கு படி முறை; அதன் அறிக்கையை ஜோன் எக், வில்லியம் ஸ்பெல்மன் ஆகியோர் 1987 இல் வெளியிட்டனர். கணினி கூட இல்லாமல், சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றை வைத்துக்கொண்டு உவர்மலையிலோ பாலையூற்றிலோ இதைச் செய்ய முடியும்.

கொப்பியை நிரப்புதல்

கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் எல்லைக்குள் நடந்த களவுகள் அனைத்தையும் முதலில் திரட்டுங்கள். ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு மேற்பட்ட எல்லையை எடுத்துக்கொண்டால் வேலை பாதியில் நின்றுவிடும். வீடு வீடாகப் போய்க் கேட்கத்தான் வேண்டும். பொலிஸ் பதிவேட்டுக்கு வராத குற்றங்கள் ஏராளம் என்பதை உணர்ந்தே, அமெரிக்கா 1970களின் தொடக்கத்திலும் பிரித்தானியா 1982 இலும், மக்களிடம் நேரடியாகக் கேட்டறியும் தேசியக் குற்றக் கணக்கெடுப்புகளை ஆரம்பித்தன. நமது ஊரிலும் கோழி, தேங்காய், எரிவாயு சிலிண்டர், தண்ணீர் மோட்டார் என்றால் ‘போனது போகட்டும்’ என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம். பெரிய களவு எந்த வளவால் நுழைந்தது என்பதை விளக்கும் தடயம் பல சமயங்களில் இந்தச் சிறிய களவுகளுக்குள்ளேயே கிடக்கும்.

ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு வரி. போன பொருள், அது வைக்கப்பட்டிருந்த இடம், உள்ளே வந்த வழி, பூட்டு உடைக்கப்பட்டதா அல்லது பூட்டப்படவேயில்லையா, அதே வீட்டிலோ வாடியிலோ முன்னர் களவு நடந்ததா, பொலிஸ் முறைப்பாடு செய்யப்பட்டதா என்பவை அந்த வரியில் இருக்க வேண்டும். ‘களவு’ என்ற ஒரே சொல்லால் அனைத்தையும் கட்டிவிடாதீர்கள். திருக்கடலூர்க் கரையில் வள்ளத்திலிருந்து கழற்றப்படும் வெளியிணைப்பு எஞ்சினும், வைத்தியசாலைக்கு முன்னால் நிறுத்தப்பட்ட மோட்டார் சைக்கிளும், திருவிழா இரவில் பூட்டிய வீட்டு அலுமாரியிலிருந்து எடுக்கப்படும் நகையும் மூன்று வேறு பிரச்சினைகள். செய்கிறவர், வேண்டிய கருவி, விற்கும் இடம் யாவும் வேறுபடுவதால் மருந்தும் வேறுபடும்.

நேரத்தை எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. பெரும்பாலானோருக்குக் களவு நடந்த நேரம் தெரியாது. தெரிந்தது, பொருளைக் கடைசியாகக் கண்ட நேரமும் இல்லையென்று கண்ட நேரமும் மட்டுமே. ஆகவே ‘இரவு’ என்று எழுதாமல் அவ்விரு நேரங்களையும் தனித்தனியே எழுதுங்கள். இரவு 8 மணிக்குக் கண்ட எஞ்சின் அதிகாலை 4 மணிக்கு இல்லையென்றால் இடையில் எட்டு மணித்தியாலங்கள். ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் எட்டில் ஒரு பங்கு என்று பகிர்ந்து குறியுங்கள். இன்னொருவர் 2 மணிக்குக் கண்டு 4 மணிக்கு இழந்திருந்தால் அவருடைய சம்பவம் அந்த இரண்டு மணித்தியாலங்களுக்கும் அரைப் பங்கு வீதம் சேர்க்கும். இருபது சம்பவங்களை இப்படிப் பகிர்ந்து கூட்டினால், ஒருவரும் கண்ணால் காணாத களவுகளுக்கும் ஒரு நேரம் மெல்லத் தெளிந்து வரும். குற்றப் பகுப்பாய்வாளர்கள் கணினியில் செய்யும் கணக்கும் அடிப்படையில் இதுவே.

கொப்பியில் இருக்கக் கூடாத நிரல் ஒன்றும் உண்டு: ‘சந்தேகம் யார் மேல்’ என்பது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் இந்த மாவட்டத்தில் அந்த நிரலை எழுதத் தொடங்கினால் அது மற்ற எல்லா நிரல்களையும் விழுங்கிவிடும். பிறகு நேரத்தையும் வழியையும் எவரும் பார்க்கமாட்டார்கள். எவர் மீதாவது நியாயமான சந்தேகம் இருந்தால் பாதிக்கப்பட்டவர் அதைப் பொலிஸ் வாக்குமூலத்தில் சொல்லட்டும். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. வேறு மொழியில் எழுதப்பட்டதை வாசித்து விளங்காமல் கையொப்பமிடத் தேவையில்லை.

பொலிஸாரிடமுள்ள தொகைகளையும் கேட்டுப் பெறலாம். முதலில் நிலையப் பொறுப்பதிகாரியிடம் நேரில் கேளுங்கள். நல்ல உறவு இருந்தால் அதுவே போதும். கிடைக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இலங்கைப் பிரசை எவரும் காரணம் சொல்லாமல் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், அதன் பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். விசாரணை விபரங்களையோ பெயர்களையோ கேட்டால் மறுப்பு வரும். ‘கடந்த இரண்டு வருடங்களில் இன்ன பொலிஸ் பிரிவில் மாதவாரியாகப் பதிவான வீடுடைப்பு, மோட்டார் சைக்கிள் களவு ஆகியவற்றின் எண்ணிக்கை’ என்று தொகையை மட்டும் கேளுங்கள்.

கொப்பி சொல்வதைக் கேட்டல்

நிரப்பிய கொப்பியில் முதலில் தேட வேண்டியது குவியலை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு வருடத்தில் பொலிஸாருக்கு வந்த அழைப்புகளை லோரன்ஸ் ஷேர்மனும் அவருடைய சகாக்களும் முகவரிவாரியாக எண்ணிப் பார்த்தபோது, ஏறத்தாழ 3 சதவீதமான முகவரிகளிலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. 1989 இல் வெளியான அந்த எண்ணிக்கை பொலிஸ் பணியைப் பற்றிய எண்ணத்தையே மாற்றியது. உங்கள் பிரிவின் வரைபடத்தைக் கையால் கீறி, ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு புள்ளி வையுங்கள். ‘ஊரெல்லாம் களவு’ என்று பேசப்படுவது பெரும்பாலும் இரண்டு ஒழுங்கைகளும் ஒரு கரைப்பகுதியுமாகச் சுருங்கிவிடும்.

அடுத்து, அதே வீடு மீண்டும் வருகிறதா என்று பாருங்கள். இங்கே நான் சற்று நின்று சொல்ல விரும்புவது, இங்கிலாந்தின் ரொச்டேல் நகரிலுள்ள கேர்க்ஹோல்ட் குடியிருப்பில் உள்துறை அமைச்சின் ஆதரவுடன் நடந்த திட்டத்தைப் பற்றி. ஈராயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பில் 1986-87 இல் 526 வீடுடைப்புகள் பதிவாகியிருந்தன. எல்லா வீடுகளுக்கும் பூட்டுப் போடப் பணம் போதாது. ஆராய்ந்தபோது, ஒரு தடவை உடைக்கப்பட்ட வீடு மீண்டும் உடைக்கப்படும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட வெகுவாக அதிகம் என்பதும், காசு போட்டு மின்சாரமும் எரிவாயுவும் பெறும் மானிப் பெட்டிகளுக்குள் இருந்த காசே பல களவுகளின் இலக்கு என்பதும் தெரியவந்தன. ஆகவே அந்த மானிகள் அகற்றப்பட்டன. உடைக்கப்பட்ட வீட்டின் யன்னலும் கதவும் உடனே பலப்படுத்தப்பட்டன. அந்த வீட்டைச் சுற்றியுள்ள ஏறத்தாழ ஆறு வீட்டார் அதன்மீது ஒரு கண் வைத்திருக்கும்படி கேட்கப்பட்டனர். அடுத்த வருடம் எண்ணிக்கை 223 ஆகவும், 1989-90 அளவில் 132 ஆகவும் இறங்கியது. கள்ளன் அதே வீட்டுக்குத் திரும்பி வருவதற்குக் காரணம் உண்டு: அவனுக்கு அந்த வீட்டின் உள்ளமைப்பு தெரிந்துவிட்டது, எடுக்காமல் விட்டுப்போனது என்ன என்பதும் தெரியும். போனதற்குப் பதிலாகப் புதுப் பொருள் வாங்கப்படும் என்றும் அவன் எண்ணிக்கொள்ளலாம்.

இதிலிருந்து பெறக்கூடிய நடைமுறை மிக மலிவானது. உங்கள் பிரிவில் ஒரு வீடோ வாடியோ உடைக்கப்பட்டால், அனுதாபம் தெரிவிக்கப் போகும் நாளிலேயே தச்சரையும் அழைத்துச் செல்லுங்கள். சங்கத்தின் பணத்தில் யன்னல் கொளுக்கியும் கதவுத் தாழ்ப்பாளும் மாற்றப்படட்டும். பக்கத்து ஆறு வீட்டாரின் தொலைபேசி இலக்கங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஆறு வாரங்களுக்கு அந்த வளவே உங்கள் முதற் கவனம்.

பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்துறை அமைச்சுக்காக ரொனால்ட் கிளார்க் 1999 இல் எழுதிய ஆய்வொன்று, கள்ளர் விரும்பும் பொருளின் ஆறு குணங்களை எடுத்துக் காட்டியது: மறைக்க இலகு, தூக்கிச் செல்ல இலகு, கைக்கு எட்டும் இடத்தில் இருத்தல், பெறுமதி, வைத்திருப்பவருக்குத் தரும் அனுபவிப்பு, விற்க இலகு. பொன் நகைக்கு ஆறும் உண்டு. வெளியிணைப்பு எஞ்சின் பாரமானது, மறைக்கக் கடினமானது. ஆயினும் பெறுமதியாலும் விற்பனையாலும் அது ஈடுகட்டிவிடுகிறது. ஆறு குணங்களில் நீங்கள் எளிதில் மாற்றக்கூடியது எது என்று கேட்டால் வழி பிறக்கும்: எஞ்சினின் பெறுமதியைக் குறைக்க முடியாது, விற்பதைக் கடினமாக்க முடியும்.

செய்யத் தகுந்ததும் காசைக் கரைப்பதும்

அடையாளமிடல். தென் வேல்ஸின் மூன்று கிராமங்களில் வீட்டுப் பொருட்களில் அடையாளம் பொறித்து, கதவில் அறிவிப்பு ஒட்டிய முயற்சியை குளோரியா லேகொக் உள்துறை அமைச்சுக்காக ஆராய்ந்து 1985 இல் எழுதினார். பங்குபற்றிய வீடுகளில் வீடுடைப்பு குறைந்திருந்தது. பொறித்த எழுத்தைவிட, பொறித்திருக்கிறோம் என்ற விளம்பரமே வேலைசெய்தது என்று கருத இடமுண்டு. கடற்றொழிலாளர் சங்கம் ஒவ்வோர் எஞ்சினின் தொடரிலக்கத்தையும் புகைப்படத்தையும் பதிந்து, படகின் பதிவிலக்கத்தை மூடியிலும் உள்ளுடலிலும் பொறித்து, அந்தப் பட்டியல் இருப்பதை வாடிகளின் முகப்பில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். எஞ்சின் திருத்தும் கடைக்காரரிடம் பட்டியலின் பிரதி இருந்தால் இன்னும் நன்று. களவுப் பொருளென்று தெரிந்து வாங்குவதும் தண்டனைக்குரிய குற்றம் என்பதை அவருக்கு மரியாதையுடன் நினைவூட்டுங்கள்.

வெளிச்சம். டேவிட் ஃபரிங்டனும் பிரண்டன் வெல்ஷும் உள்துறை அமைச்சுக்காக 2002 இல் தொகுத்த 13 ஆய்வுகளில், தெருவிளக்கை மேம்படுத்திய இடங்களில் குற்றம் சராசரியாக 20 சதவீதம் குறைந்திருந்தது. விந்தை என்னவென்றால் பகற்குற்றமும் சேர்ந்தே குறைந்தது. தெருவைப் பற்றிய அக்கறை கூடியதும் ஒரு காரணம் என்று அவர்கள் கருதினார்கள். எரியாத மின்கம்பங்களின் இலக்கங்களை எழுதி, கொப்பியிலுள்ள வரைபடத்துடன் உள்ளூராட்சி சபைக்குக் கொடுங்கள். ‘எல்லாத் தெருவிளக்கையும் திருத்துக’ என்ற மனு மேசையில் கிடக்கும். ‘இந்த நான்கு கம்பங்களுக்குக் கீழ் இந்த ஒன்பது களவுகள்’ என்ற மனுவை ஒதுக்கிவைப்பது கடினம்.

கமரா. அதே ஆய்வாளர்களின் 2002 ஆம் ஆண்டின் இன்னொரு தொகுப்பில், கமராவால் வாகனத் தரிப்பிடங்களில் குற்றம் 41 சதவீதம் குறைந்திருந்தது. நகர மையங்களிலும் குடியிருப்புகளிலும் குறிப்பிடத்தக்க பலன் தென்படவில்லை. தரிப்பிடங்களில் வெளிச்சம் போன்றவையும் சேர்ந்தே மேம்படுத்தப்பட்டன என்பதையும் மறக்கலாகாது. பஸ் நிலையத்தருகே மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் மூலையில் ஒரு கமராவைப் பொருத்துவதற்கு ஆதாரம் உண்டு. ஒழுங்கை நீளத்துக்கு வரிசையாகப் பொருத்தி, உப்புக்காற்றில் துருப்பிடிக்க விடுவதற்கு இல்லை.

ரோந்து. பொலிஸ் ரோந்தைக் கூட்டினால் குற்றம் குறையும் என்பது எல்லோருக்கும் வெளிப்படையாகத் தெரிந்த உண்மையாக இருந்தது. அமெரிக்காவின் கான்சாஸ் நகரப் பொலிஸார் 1972-73 இல் 15 ரோந்துப் பகுதிகளை மூன்று பிரிவாக்கி, சிலவற்றில் ரோந்தை நிறுத்தியும் சிலவற்றில் இரண்டு மூன்று மடங்காக்கியும் பார்த்தபோது குற்றத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் காணப்படவில்லை. பொதுவாகச் சுற்றிவருவது பயனற்றதாக இருந்த இடத்தில், குவியல் மிகுந்த இடத்தில் நிற்பது பயன்தந்தது: தேசிய நீதி நிறுவகத்தின் நிதியில் மினியாபொலிஸில் 1988-89 இல் 110 இடங்களில் நடந்த சோதனை அதைக் காட்டியது. அந்தத் தரவுகளை மேலும் ஆராய்ந்த கிறிஸ்டோபர் கோப்பர், ஓரிடத்தில் ஏறத்தாழ 15 நிமிடங்கள் நிற்பதே மிகுந்த பலன் தருகிறது என்று 1995 இல் எழுதினார். எனவே பொறுப்பதிகாரியிடம் ‘இரவு முழுவதும் ரோந்து வேண்டும்’ என்று கேட்காதீர்கள். அவரிடம் அவ்வளவு ஆட்கள் இல்லை. ‘இன்ன சந்தியில், அதிகாலை 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில், நாளுக்கு நாள் நேரத்தை மாற்றி, கால் மணித்தியாலம்’ என்று கேளுங்கள். கொப்பியிலுள்ள மணித்தியாலக் கணக்கு உங்களுக்கு உதவும் இடம் இது.

‘இங்கே தடுத்தால் அங்கே போவான்’ என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். சில சமயம் அது உண்மை, பெரும்பாலும் உண்மையன்று. மேற்கு ஜெர்மனியில் தலைக்கவசம் அணியாதவருக்கு அந்த இடத்திலேயே தண்டப்பணம் விதிக்கும் நடைமுறை 1980 இல் வந்தபின், வருடத்துக்குச் சுமார் 150,000 ஆக இருந்த மோட்டார் சைக்கிள் களவு 1986 அளவில் சுமார் 54,000 ஆக வீழ்ந்தது. தலைக்கவசத்தைக் கையோடு கொண்டுவராத கள்ளன் தெருவில் உடனே கண்ணில் பட்டுவிடுவான். குறைந்த எண்ணிக்கைக்கு ஈடாகக் கார் களவோ சைக்கிள் களவோ ஏறவில்லை. 2009 இல் ரொப் குவெரெட்டும் கேட் போவர்ஸும் 102 மதிப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குற்றம் இடம்மாறியது 26 சதவீதமான அவதானிப்புகளில். பக்கத்து இடங்களுக்கும் நன்மை பரவியது 27 சதவீதமானவற்றில்.

இளைஞர்களைச் சிறைச்சாலைக்குக் கூட்டிச்சென்று காட்டிப் பயமுறுத்தலாம் என்ற யோசனையும் இடைக்கிடை எழுகிறது. அமெரிக்காவில் 1970களிலிருந்து நடந்த அத்தகைய நிகழ்ச்சிகளைச் சோதித்துப் பார்த்ததில், பங்குபற்றிய இளைஞர்கள் பங்குபற்றாதவர்களைவிட அதிகமாகவே குற்றத்தில் ஈடுபட்டிருந்தார்கள். பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசைப் பூட்டுகளுக்குக் கொடுங்கள்.

களவு நடந்த காலை

களவு தெரிந்தவுடன் 119 இற்கோ உங்கள் பொலிஸ் நிலையத்துக்கோ அறிவித்துவிட்டு, உள்ளே போகாமல் நில்லுங்கள். அயலவர் வந்து கதவைத் தொட்டு, அலுமாரியைத் திறந்து, தேநீர் ஊற்றிக் கொடுக்கும் அந்த அரை மணித்தியாலத்தில்தான் கைரேகைகள் அழிகின்றன. உடைந்த கண்ணாடியைப் பெருக்க வேண்டாம். மாரியில் முற்றத்துக் காலடித் தடத்தைக் கவிழ்த்த பேசினால் மூடிவையுங்கள். இரத்தம் பட்ட துணி ஏதும் இருந்தால் அதைத் தொடாமல் தடயவியல் பொலிஸாருக்குக் காட்டுங்கள். பொலித்தீன் பையில் கட்டிவிட்டால் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துக்குப் போய்ச் சேரும்போது மரபணுச் சோதனைக்கு ஒன்றும் மிஞ்சாது. காகிதப் பொதியே அதற்குரியது. முறைப்பாட்டின் இலக்கத்தைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

பலித்ததா என்று பார்த்தல்

ஆறு மாதங்கள் கழித்து எண்ணிப் பார்க்கும்போது மாதங்களைச் சரியாக ஒப்பிடுங்கள். வடகீழ்ப் பருவக்காற்றின் மாரி மாதங்களில் வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் உல்லாசப் பிரயாணிகளின் காலம் வேறு. டிசம்பரை ஜூனுடன் ஒப்பிட்டால் காலநிலையைத்தான் அளந்திருப்பீர்கள். டிசம்பரைக் கடந்த டிசம்பருடன் ஒப்பிடுங்கள். நீங்கள் எதுவும் செய்யாத பக்கத்துப் பிரிவு ஒன்றின் எண்ணிக்கையையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு பிரிவிலும் ஒரே அளவு குறைந்திருந்தால், உங்கள் பூட்டுகள் அதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. வழமையான கள்ளன் வேறெங்கோ பிடிபட்டிருக்கலாம்.

சிறிய எண்கள் ஏமாற்றும். வருடத்துக்கு ஆறு களவு நடந்த தெருவில் அடுத்த வருடம் மூன்று நடந்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அது தற்செயலாக நிகழக்கூடியதே. அதிலும் களவு உச்சத்தில் இருந்த மாதத்தில் திட்டத்தைத் தொடங்கினால் எண்ணிக்கை தானாகவே சற்று இறங்கும். அயலிலுள்ள மூன்று நான்கு சங்கங்கள் ஒரே நிரல்களில் கொப்பி எழுதி, வருடத்தில் இரு தடவை கூடி எண்ணிக்கையைச் சேர்த்துப் பார்த்தால் முப்பது நாற்பது சம்பவங்களாவது கையில் இருக்கும். அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுபோகும் பிரதியில் வீட்டுக்காரரின் பெயரையும் வீட்டிலக்கத்தையும் மறைத்துவிடுங்கள். எந்த வீட்டில் யன்னல் பலவீனம், எந்த வீட்டார் எப்போது வெளியூர் போகிறார்கள் என்ற விபரமெல்லாம் ஒரே கொப்பியில் இருப்பதால், அதையும் பூட்டி வைத்து, திறப்பைச் செயலாளரிடம் மட்டும் கொடுங்கள்.